முன்கூட்டியே கொடுத்த முடி

திருத்தணி,
ஆடி 9

மதிப்பிற்குரிய பாவா முருகவேல் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிய கஜபதி வணங்கி எழுதுவது. பொதட்டூர்பேட்டையில் வீட்டில் அனைவரும் சுகம்தானே? தறிகள் தடங்கலின்றி ஓடுகின்றனவா? இங்கே தமயந்தி சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆகவே எழுதிவிட்டேன், நம்ப வேண்டாம். போனில் சொல்லாமல் எதற்கு இன்லண்ட் லெட்டர் என்று கேட்பீர்கள். வீட்டில் இருக்கிற ஒரே போன் அவள் கையில் இருக்கிறது. பிரச்சினையே அதுதான்.

வைகாசியில் ஒருநாள் தேன்குழலுக்கு மாவு எப்படிக் கலப்பது என்று பார்க்க யூடியூபைத் திறந்தவள், விரல் எங்கேயோ பட்டு, கடற்கரையில் பூப்போட்ட சட்டைக்காரர் ஒருவர் கைக்குழந்தை அளவுள்ள கிதாரை மார்போடு அணைத்து வாசிப்பதைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பெயர் உகுலேலேயாம், நாலே நரம்புதானாம். தேன்குழல் அன்றோடு சரி. அவருக்குப் பின்னால் வரிசையாக வந்தார்கள் பாவா. ஜப்பானில் ஒரு குமாஸ்தா, ஆபீஸ் விட்டு வந்து சமையலறையில் நின்று வாசிக்கிறார். பிரேசிலில் ஒரு அம்மாள், தோளில் கிளி. ஷில்லாங்கில் ஒரு டீச்சர். இவர்கள் எல்லாரும் இப்போது நம் சொந்தக்காரர்கள். காலையில் காபி கொடுக்கும்போதே, “ஜப்பான்காரருக்கு சளி புடிச்சிகிதுங்க, நேத்து பாடவே இல்ல, வெறுமனே வாசிச்சிட்டு பூட்டாரு” என்கிறாள். என் மூட்டுவலியை அவள் இத்தனை கவலையோடு விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. அவருடைய வீடியோவுக்குக் கீழே, “கஷாயம் வெச்சி குடிங்க தம்பி, ஆடிக் கிருத்திகைக்கு எங்க ஊருக்கு வாங்க” என்று தமிழிலேயே எழுதிவைத்தாள். அந்த மனிதரும் கும்பிடு பொம்மை ஒன்று போட்டுவிட்டார். அன்று முதல் அவரை எந்த அறையில் படுக்கவைப்பது என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இருப்பது ஒரே அறை என்பது உங்களுக்கே தெரியும்.

பார்ப்பதோடு விட்டாளா என்றால் அதுவும் இல்லை. ஆனியில் அந்தக் கருவியே பெட்டியில் வந்து இறங்கிவிட்டது. காவடிச் சிந்து மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். விடிந்ததும் ஒரு தரம், சோறு வடித்ததும் ஒரு தரம், விளக்கு வைத்ததும் ஒரு தரம். பாதி வரை வருவாள், தடுக்குவாள், மறுபடி முதலிலிருந்து. அரக்கோணம் ரயில் என்ஜின் ஷெட்டில் முப்பத்தாறு வருடம் இரும்புச் சத்தம் கேட்டவன் நான். அந்த இரும்பு ஒருநாளும் பாதியில் நின்று, “இருங்க, தப்பாப் பூடிச்சி” என்று சொன்னதில்லை. ஓய்வு பெற்றால் பகலில் கொஞ்சம் கண்ணயரலாம் என்று இருந்தேன். இதற்கிடையில் அவள் மலைக்குப் போய், கிருத்திகைக்குள் ஒரு பாட்டு முழுதாக வந்துவிட்டால் படியேறி வந்து சந்நிதியில் வாசிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு வந்தாள். சாமி காரியமாகிவிட்டது, இனி நான் வாயைத் திறக்க முடியாது. எனவே மறுநாள் நானும் போனேன். அவள் நின்ற அதே இடத்தில் நின்று, “முருகா, கிருத்திகைக்குள்ள அவ அந்த வாத்தியத்த கீழ வெச்சிட்டா மொட்ட போட்டுக்கறேன்” என்று வேண்டிக்கொண்டேன். ஒரே வீட்டிலிருந்து ஒரே சாமிக்கு எதிரும் புதிருமாக இரண்டு வேண்டுதல். அவர் என்ன செய்வார், பாவம்.

பத்து நாள் பொறுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முடியை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் அவரால் தட்ட முடியாதே என்று ஒரு யோசனை தோன்றியது. எனக்கு யோசனை தோன்றும்போதெல்லாம் என்ன நடக்கும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். போன திங்கட்கிழமை சரவணப் பொய்கைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசி, வெயிலில் வீடு வந்தேன். கதவைத் திறந்த தமயந்தியின் விரல்களில் துணி சுற்றியிருந்தது. நரம்பு அழுத்தி அழுத்தி வீங்கிப்போயிருந்தன.

“இன்னாங்க இது, இன்னாத்துக்கு மொட்ட?” என்றாள்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை பாவா. கண்ணெதிரே தெரிந்ததைச் சொன்னேன். “உன் வெரலுக்காகத்தான்.”

அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். “முப்பத்து நாலு வருசத்துல எனக்குன்னு நீங்க ஒண்ணு வேண்டிக்கினதே இல்லீங்களே” என்றாள். சொன்னது நிஜம்தான் பாவா. அதற்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. பெண்கள் வந்து என் தலையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டு ஷோபனா தன் கணவர் நாகராஜனிடம், “பொஞ்சாதி வெரலுக்காக மொட்ட போட்டுகினு வந்துகிறாரு, நீயும் கீறியே” என்றாளாம். அவர் என்னோடு பேசுவதில்லை. தமயந்தியோ முன்னைவிடத் தீவிரமாக வாசிக்கிறாள். கிருத்திகையன்று அத்தனை படியும் ஏறி, அவள் வாசிக்க, நான் பக்கத்தில் ஜால்ரா போட வேண்டுமாம். இந்த மூட்டோடு, இந்தத் தலையோடு.

பாவா, அவள் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். கிருத்திகைக்கு முன்பே வந்துவிடுங்கள். அப்புறம் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். “இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா” என்று அண்ணனாக நாலு வார்த்தை சொல்லுங்கள். நான் எழுதியதாக மட்டும் தெரியவேண்டாம். மொட்டையின் நிஜக் காரணம் தெரிந்தால் அவள் முகத்தை நான் பார்க்க முடியாது.

உங்கள் குடும்பமும் தறியும் குறைவின்றி விளங்க அந்த முருகனையே வேண்டுகிறேன்; என் பேச்சை அவர் இன்னும் கேட்டால்.

இப்படிக்கு,
களைத்துப்போன
கஜபதி

பி.கு.: லெட்டரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போனேன். பின்வாசலில் தமயந்தி ஷோபனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “வெரலு தாங்கல ஷோபனா. போதும்னு திங்கக்கெழம காலைலதான் அத்த பெட்டில போட்டு பரண் மேல ஏத்திட்டேன். மத்தியானம் பாத்தா இவரு மொட்டையோட வந்து நிக்கறாரு. நான் உட்டுட்டா அந்த மனுசன் முடி வீணாப் பூடாதா? அதான் மறுபடியும் எறக்கிட்டேன்.” ஆக, முருகன் என் வேண்டுதலைத்தான் முதலில் கேட்டிருக்கிறார். நான்தான் குளத்தங்கரையில் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். இதைக் கிழித்துப் போட்டிருப்பேன், இருந்தது ஒரே ஒரு இன்லண்ட் லெட்டர். அதனால் மூலையில் நெருக்கி எழுதுகிறேன். பாவா, அவளைத் திட்ட வராதீர்கள். அவள் வாசிப்பதைக் கேட்க வாருங்கள். மேலே எழுதியதையெல்லாம் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அந்த மொட்டை அவள் விரலுக்காகப் போட்டதுதான்.