சம்பந்தியின் சட்டைக்கையில் தொங்கிய மீன்

முருகன் துணை

ராயபுரம், திருப்பூர்
வெள்ளிக்கிழமை

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய சம்பந்தியம்மா நல்லம்மாள் அவர்களுக்கு, கலைமகள் கைகூப்பி எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கு சௌக்கியமா என்று கேட்கிற தகுதி புதன்கிழமையோடு எனக்குப் போய்விட்டதால், உங்கள் எல்லோரையும் சௌக்கியமாக வைக்கும்படி நேராக முருகனிடமே சொல்லிவிட்டேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதாகத் தெரிகிறது. கடிதத்தை பிளாக் செய்யும் வசதி இன்னும் வரவில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில், அந்த மீன் உங்கள் பேபி சூட் மூட்டைக்குள் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒன்று, நான். இரண்டு, என் வீட்டுக்காரர் தீனதயாளன், நாற்காலியில், பேப்பருக்குப் பின்னால். மூன்று, நான் பிசிறு வெட்டிக் கொடுக்கும் மூட்டையை எடுக்க உங்கள் பனியன் யூனிட்டிலிருந்து வந்த மருதாள். அலமாரியில் இருந்த முருகனையும் வள்ளி தெய்வானையையும் சேர்த்தால் ஆறு பேர். என் மகள், உங்கள் மருமகள் வினிதா இல்லை. அவள் அருள்புரத்தில் உங்கள் கண்ணெதிரில் இருந்தாள். மூட்டைச் சீட்டில் அவள் போட்ட கையெழுத்து, எண்ணி வாங்கியதற்குப் போட்டது; பிரித்துப் பார்த்ததற்குப் போட்டதில்லை. "அம்மா குடுத்த மூட்டைன்னா மக கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுருவா" என்று நீங்கள் சொன்னீர்கள். ஆறு மாதக் கர்ப்பிணி, அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நான் என்ன திட்டு வாங்கினாலும் தகும், அவள் பெயர் மட்டும் இதில் வரக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை நீளக் கடிதம்.

மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து நின்றதும் டாக்டர் அவரிடம், "மனசு அலையாம ஒரு எடத்துல உக்காருங்க" என்றார். நான் கோவிலைச் சொன்னேன், அவர் பல்லடம் பக்கம் ஒரு குட்டையைப் பிடித்துக்கொண்டார். தூண்டிலோடு காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார். வீட்டுக்கு மீன் வந்ததில்லை, வந்ததெல்லாம் மண்புழு. புழு ஈரமாக இருக்க வேண்டும் என்று அதைத் தயிர் டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்திருக்கிறார். விரதம் முடித்த பசியில் தயிர்ச் சோறு பிசையலாம் என்று அந்த டப்பாவைத் திறந்தவள் நான். கரண்டி வரைக்கும் வந்துவிட்டது சம்பந்தியம்மா, அதற்கு மேல் கேட்காதீர்கள்.

அன்றைக்கே கற்பூரம் ஏற்றி, இனி இந்த வீட்டில் உயிருள்ள இரை கிடையாது என்று சொல்லிவிட்டேன். "அப்பறம் எதை வெச்சுப் புடிக்கறது? உம்பட தேங்காச் சட்னியவா?" என்றார். என் சட்னியைச் சொன்னதும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவள், தையல், கேக், ஜாதகம் பார்ப்பது எல்லாம் நானாகக் கற்றுக்கொண்டது. இதையும் கற்றுக்கொள்கிறேன் என்று செல்போனில் வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்தேன். புழுவுக்குப் பதிலாகத் தூண்டிலில் கட்டும் பொய்மீனை உலகம் முழுக்க வீட்டிலேயே செய்கிறார்களாம், சிலர் மரத்தில், சிலர் பிளாஸ்டிக்கில். நம் ஊரில் துணிக்கா பஞ்சம்? உங்கள் மூட்டையில் பிசிறு வெட்டி மிச்சம் விழுகிற பனியன் துண்டை எடுத்து மீன் போலச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தேன். காட்டன் அல்லவா, தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல் மாதிரி அடியில் உட்கார்ந்துகொண்டதாம். அடுத்தது சிவப்புத் துணி. அது குட்டையில் இறங்கியதும் சாயம் விட்டது. "ஏம்புள்ள, பக்கத்துல உக்காந்திருந்தவன் எங்கிட்ட, ஏனுங்க, புதுசா டையிங் யூனிட் ஏதும் தொறந்துட்டீங்களான்னு கேக்கறான்" என்று வந்து நின்றார்.

பிறகுதான் எனக்கு ரப்பர் செருப்பு ஞாபகம் வந்தது, அது மிதக்கும். பழைய செருப்பின் குதிகாலை மீன் வடிவத்தில் வெட்டி, பளபளக்கும் பாலியஸ்டர் துணியை இழுத்துத் தைத்து, செதிலுக்குச் சமிக்கியும் வாலுக்குப் பச்சை எலாஸ்டிக்கும் வைத்து, வயிற்றில் மூன்று முனை உள்ள முள்ளைக் கட்டினேன். சாமி அலமாரியில் வைத்துக் கும்பிட்டும் கொடுத்தேன். செருப்பிலிருந்து வந்தது என்பதை முருகனிடம் சொல்லவில்லை. வீட்டுக் கணக்கில் இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல், 'மீன்' என்று எழுதவும் கை வராமல், 'தெய்வ காரியம்' என்று எழுதினேன். புழுக்களைக் காப்பாற்றுகிறேன் அல்லவா.

என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புழுவுக்குப் பாவம் பாக்கற, சரி. மீனு உனக்கென்ன, பங்காளியா?" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் மீனைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அப்புறம் என்ன செய்வது? என் மீன் அழகாக இருக்க வேண்டும், ஆனால் ஒரு நிஜ மீனும் அதைக் கடிக்கக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டேன். முருகன் அப்படியே கேட்டான். எத்தனை செய்து கொடுத்தும் ஒன்றுகூடக் கடிக்கவில்லை. பாராயணம் பண்ணுகிற கலைமகளுக்கு இதில் பரம சந்தோஷம். தைத்துக் கொடுத்த கலைமகளுக்கு வயிற்றெரிச்சல். என் தையலில் என்ன குறை கண்டன அந்த மீன்கள்?

அந்த வயிற்றெரிச்சலோடுதான் திருமுருகன்பூண்டிக்குச் சாமி கும்பிடப் போனேன். வரும் வழியில் ஒரு சிற்பி அம்மன் சிலை செதுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்திருந்தது, முகத்தில் மட்டும் கண் இல்லை. கேட்டதற்கு, "கண்ணு கடைசியிலதானுங்க தெறக்கோணும். தெறந்துட்டா அப்பறம் அது கல்லில்லீங்க" என்றார். எனக்குப் பொறி தட்டியது. என் மீன்கள் ஒன்றுக்கும் நான் கண் வைக்கவில்லை! கண் தெரியாத மீனை எந்த மீன் மதிக்கும்? செவ்வாய்க்கிழமை சஷ்டி. தலைக்குக் குளித்து, முள் வரைக்கும் கட்டி முடித்திருந்த புது மீனுக்கு, விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, கறுப்பு நெயில் பாலிஷால் கண் வரைந்தேன்.

அது என்னைப் பார்த்தது.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே பார்த்தது, பால் கேட்கிற குழந்தை மாதிரி. இதை எப்படித் தண்ணீரில் வீசுவது, இதைக் கொண்டு இன்னொரு கண்ணுள்ள ஜீவனை எப்படிக் குத்துவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர், "புது மீனு ஆயிருச்சா? இப்பவே கெளம்பறேன்" என்று ஹாலுக்குள் வந்தார். நான் சட்டென்று அதைப் பக்கத்தில் இருந்த உங்கள் பேபி சூட் மூட்டையில், ஒரு சூட்டுக்குள் திணித்துவிட்டேன். அவர் கொஞ்சம் தேடிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அவர் தூங்கியதும் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். மருதாள் சாயங்காலம்தான் வருவாள். அன்றைக்கென்று பார்த்து மத்தியானமே வந்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சஷ்டியன்று விளக்கு வைக்கும்வரை எனக்கு மௌன விரதம். எழுதிக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். எழுதுவதும் பேச்சுதான் என்பது நானாகவே வகுத்துக்கொண்ட விதி. யாராவது குரு சொல்லியிருந்தால் மீறியிருப்பேன், சொன்னவளே நான் என்பதால் மீற முடியவில்லை. "அக்கா, மூட்டை ரெடிங்களா? வண்டி வாசல்ல நிக்குதுங்க" என்று அவள் மூட்டையைத் தூக்க, நான் இரண்டு கையையும் சேர்த்து மீன் நீந்துவது போல ஆட்டிக் காட்டினேன். "பாம்புங்களா? எங்கீங்க?" என்று அவள் எகிறிக் குதித்தாள். இல்லை இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினேன். அவிழ்ந்து கிடந்த ஈரத் தலைமுடி முகத்தில் விழுந்தது. மருதாள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். "அய்யோ சாமி! சாமி வந்திருச்சுங்!" என்று அப்படியே காலில் விழுந்துவிட்டாள். "எம்பட பையனுக்கு எப்பங்க சாமி கண்ணாலம் கூடும்?" என்று அழுகிறாள். மூட்டைக்குள் மூன்று முனை முள் இருக்கிறது என்று சொல்ல நான் மூன்று விரலைக் காட்டினேன். "மூணு மாசத்துலயா! ஆத்தா, நீ நல்லா இருக்கோணும்" என்று என் கையாலேயே திருநீறு எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு போயே போய்விட்டாள். என்னோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன், அவராவது தடுப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

விளக்கு வைத்ததும் மருதாளுக்குப் போன் செய்தேன். எப்போது பார்த்தாலும் பிஸி. அவள் ஊர் முழுக்கச் சாமி வாக்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்களுக்குச் செய்திருக்கலாம். செய்து என்ன சொல்வது, 'உங்கள் பேபி சூட்டுக்குள் என் செருப்பு மீன் இருக்கிறது' என்றா? வெட்கப்பட்டுக்கொண்டு, காலையில் நானே வந்து ரகசியமாக எடுத்துவிடலாம் என்று இருந்துவிட்டேன். புதன்கிழமை அருள்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உங்கள் கேட்டுக்குள் கால் வைக்கிறேன், உள்ளே மிஷின் அலறுகிறது. குழந்தைத் துணிக்குள் உடைந்த ஊசி ஏதும் இருந்தால் கண்டுபிடிக்கிற மிஷின், முழுசாக ஒரு தூண்டில் முள்ளைக் கண்டால் சும்மா இருக்குமா? பேக்கிங் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவர் பேனாவும் கையுமாக நிற்க, சம்பந்தி சூட்டுக்குள் கையை விட்டார். கை வெளியே வரும்போது அவருடைய வெள்ளைச் சட்டைக்கையில் என் மீன் தொங்கியது. உதறினார், வரவில்லை. இழுத்தார், இன்னும் ஏறியது. அதற்குத்தான் அந்த முள்ளை அப்படிச் செய்கிறார்கள். கடைசியில் கட்டிங் டேபிளில் கையை நீட்டி, சட்டையைக் கத்தரிக்க வேண்டியதாகிவிட்டது. பிரித்த பெட்டிகளை எல்லாம் மறுபடி செக் பண்ணியதில் அன்றைய லாரி போய்விட்டது என்பதும் தெரியும். நான் இத்தனை நாள் செய்த மீன்களில் ஒன்று முதன்முதலாகப் பிடித்தது உங்கள் வீட்டுக்காரரைத்தான்.

அப்போதுதான் நீங்கள் வினிதாவைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள் என்ற அந்த வார்த்தையைச் சொன்னீர்கள். அந்தத் தையல் யாருடையது என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், என் கைத்தையலைப் போட்டு வளர்ந்தவள். ஆனால் என் பெயரைச் சொல்லாமல், "தப்பு என்னுதுதானுங்க அத்தை, நான் பிரிச்சுப் பாத்திருக்கோணும்" என்றாள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்ற நான் உள்ளே வந்து, 'நான்தான்' என்று சொல்லியிருக்க வேண்டும். விரதம்கூட அன்று இல்லை. வாய் இருந்தது, நாக்கும் இருந்தது. ஆனால் கால் மட்டும் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடியது. உங்கள் வாட்ச்மேன் சின்னான், "ஏனுங்கம்மா, வந்ததும் ஓடறீங்க?" என்று கேட்டார். வயிறு சரியில்லை என்று அவரிடம் ஒரு பொய்யும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் மீன் யாருடையது என்று உங்களுக்கே தெரிந்துபோனது. ஆனால் நான் வந்ததும் ஓடியதும் இன்னும் தெரியாது. சின்னான் சொல்லி நீங்கள் அறிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

அதனால் சம்பந்தியம்மா, நேற்று எல்லா மீனையும் பிரித்து, முள்ளைத் தனியாக டப்பாவில் போட்டுவிட்டேன். இனி பொய்மீன் செய்வதில்லை, தூண்டில் பக்கம் திரும்புவதில்லை என்று முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அடுத்த மாதம் வளைகாப்பு. சீர்த் தட்டுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. நீங்கள் வந்து முதல் வளையல் போடாவிட்டால் அந்தப் பெண் கையை நீட்டமாட்டாள். அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, "உம்மேல தப்பில்ல கண்ணு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், சம்பந்திக்கு வணக்கம், கத்தரித்த சட்டைக்குப் பதில் புதுச் சட்டை தனியாக வருகிறது. வேலவன் உங்கள் வீட்டையும் யூனிட்டையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
கலைமகள்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் உங்கள் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். போன் ஸ்பீக்கரில் இருந்தது, நான் ஒட்டுக் கேட்கவில்லை. "மருமக மேல தப்பில்லீன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. அந்தக் கையெழுத்து எண்ணி வாங்கினதுக்குங்க. ஊட்டுல சொல்றதுக்குத்தான் தைரியம் வரலீங்க" என்றார். அதோடு நின்றிருக்கலாம். "அந்த மீனை நேத்துக் குட்டையில போட்டுப் பாத்தனுங்க. மொதத் தடவையே அரைக் கிலோ மாட்டுச்சுங்க! அது கண்ணு இருக்குதே, அட அட! சம்பந்தியம்மாகிட்டச் சொல்லி இன்னும் ரெண்டு வாங்கி வையுங்க, ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரும் போலாமுங்க. எங்க ஊட்டுல மட்டும் தெரிய வேண்டாமுங்க" என்றார். உங்களிடம் ஆடிட்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தாராம்.

மறைத்து வைத்து நான் பட்டது போதும் என்பதால் தெரியப்படுத்துகிறேன். அரைக் கிலோ என்று கேட்டதும் பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, பெருமையாக இருந்தது. மேலே ஆணையிட்ட பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தால் அதே பக்கத்தில்தான் வளைகாப்பு விஷயமும் இருக்கிறது. ஆகவே ஆணையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் படித்துக்கொள்ளுங்கள். இரண்டு மீனும் தைத்தாகிவிட்டது, கண் மட்டும்தான் பாக்கி. வினிதாவிடம் அந்த ஒரு வார்த்தை சொன்னீர்களா, வளைகாப்புக்கு வருகிறீர்களா என்று தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.