பூமி ஆடவில்லை, மஞ்சள்தான் இடித்தோம்

ஆரம்பாக்கம்,
1974, வைகாசி மாதக் கடைசி வியாழன்.

பொதட்டூர்பேட்டையில் நெல் மண்டி வைத்து நல்ல பெயரோடு இருக்கும் சம்பந்தி திரு. குப்புராஜ் அவர்களுக்கு, ஆரம்பாக்கம் சுப்பராயன் கைகூப்பி எழுதுவது. இவ்விடம் நான், மனைவி கன்னியம்மா, மகள் செண்பகம், கறவை மாடு உட்பட அனைவரும் நலம். பூமியும் நலம். அது இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாவும் மற்றுமுள்ளோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. ‘ஆரம்பாக்கத்தில் நில அதிர்ச்சி’ என்று பேப்பரில் வந்ததைக் கத்தரித்து உள்ளே வைத்திருந்தீர்கள். சுப்பராயன் என்பவரின் மாட்டுக் கொட்டகையில் உள்ள கருவியில் பதிவானது என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு வேறு போட்டிருந்தீர்கள். பெண் வீட்டில் மஞ்சள் இடித்த அன்றே பூமி ஆடினால் அது நல்லதற்கில்லை என்றும், அதே வெள்ளிக்கிழமை காலை தங்கள் வீட்டு அடுக்குப் பானைகள் யாரும் தொடாமலே சரிந்து உடைந்தது இன்னொரு சகுனம் என்றும், ஆகையால் ஆனி முகூர்த்தத்தை நிறுத்திவிட்டு அடுத்த வருஷம் யோசிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பானை விஷயத்தைத் தங்கள் வீட்டுப் பூனையிடம்தான் விசாரிக்க வேண்டும். பூமி விஷயத்தை நான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படிக்கவும்.

போன தை மாதம் மெட்ராஸ் சர்க்கார் ஆபீஸ் ஜீப் ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தது. அதிலிருந்து இறங்கியவர் தேசிகன். திருவள்ளூர்க்காரர். பரம்பரையாகப் பெருமாளுக்குக் கைங்கரியம் செய்யும் குடும்பம், இவர் மட்டும் பூமிக்குக் கைங்கரியம் செய்யப் போய்விட்டார். பூமி ஆடுவதை அளக்கிற மெஷின் வைக்கச் சத்தமில்லாத இடம் தேடினாராம். கும்மிடிப்பூண்டி பாக்டரிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் இரும்பு அடிக்கிற அடியில் அது தினமும் பூகம்பம் என்று எழுதித் தள்ளுமாம், ரயில் ரோட்டோரம் வைத்தால் ஒவ்வொரு கூட்ஸ் வண்டியையும் எழுதுமாம். எங்கள் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு அமைதியான வீட்டை நான் பார்த்ததில்லை என்றார். கன்னியம்மா அன்றைக்கு ஊத்துக்கோட்டையில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

கொட்டகையில் குழி வெட்டி, சிமெண்டு மேடை கட்டி, அதன்மேல் ஒரு பெட்டியை வைத்தார். பெட்டிக்குள் கனமான குண்டு ஒன்று தொங்குகிறது. பூமி ஆடினால் மேடை, பெட்டி, பேப்பர், நாம் எல்லோரும் சேர்ந்து ஆடுவோமாம். குண்டு மட்டும் கனத்தினால் சோம்பிப்போய் நின்ற இடத்திலேயே நிற்குமாம். அந்த வித்தியாசத்தைத்தான் ஊசி எழுதுகிறது. எழுதுவதற்கு மை கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் பேப்பரைக் கருக்கி உருளையில் சுற்றிவிட்டால், ஊசி கீறிய இடமெல்லாம் வெள்ளைக் கோடாகத் தெரியும். ரேஷன் மண்ணெண்ணெய் இப்படிப் புகையாகப் போவதைப் பார்த்துக் கன்னியம்மா பட்ட வயிற்றெரிச்சலை அந்த மெஷினாலும் அளக்க முடியாது. ஆனால் செண்பகம் அந்த வேலையை ஆசையாகக் கற்றுக்கொண்டாள். தேசிகன் வராத நாளில் பேப்பர் கருக்கி மாற்றுவது அவள்தான்.

பூமி எதற்காக ஆட வேண்டும் என்று ஒருநாள் அவரைக் கேட்டேன். “பூமியோட மேல் ஓடு ஒரே துண்டு இல்லை, சுப்பராயன். பெரிய பெரிய பாறைத் தகடா இருக்கு. ஒண்ணை ஒண்ணு நெருக்கிண்டே இருக்கு. பாறை தாங்கற மட்டும் தாங்கும். ஒருநாள் முடியாம எங்கேயோ உடைஞ்சு வழுக்கிடும். அந்த உதறல்தான் நமக்கு வந்து சேர்றது” என்றார். நம் தேசமே வருஷத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை வடக்கே போய்க்கொண்டிருக்கிறதாம். பிறந்ததிலிருந்து இந்த ஊரை விட்டு நகராத மனுஷன் என்று கன்னியம்மா என்னை ஏசுவது இனிமேல் செல்லாது.

மெஷின் வந்ததிலிருந்து எங்களுக்குத்தான் பேஜாரு. வீட்டில் மிளகாய் இடிக்கக் கூடாது, விறகு பிளக்கக் கூடாது, தொப்பென்று எதையும் போடக் கூடாது, கோபம் வந்தால் கால் உதைத்துப் போகவும் கூடாது. எல்லோரும் நுனிக்காலில் நடந்தோம். பக்கத்து வீட்டு மோசஸ் ஒருநாள் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து, “யாருக்கு இன்னா ஒடம்புக்கு? ஒரு வாரமா உங்க ஊட்ல சத்தமே காணோமே” என்று கேட்டுக் கண்கலங்கி நின்றார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி அவரை நம்பவைப்பதற்குள் ரொட்டி தீர்ந்துவிட்டது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஓட்டிவிட்டோம். கல்யாணத்தன்று மெஷினுக்கும் லீவு விடுவதாகத் தேசிகனும் ஒத்துக்கொண்டார். மஞ்சள் இடிக்கும் சடங்கை மட்டும் நான் அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை காலைக்கு நல்ல நேரம் பார்த்தாகிவிட்டது. மோசஸ் வீட்டு வாசலில் இடித்துக்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “எம் பொண்ணு கல்யாணத்து மஞ்சாவ இன்னொருத்தர் ஊட்ல இடிப்பனா? நான் இன்னா கூலிக்கா இடிக்கப் போறேன்?” என்று கேட்டாள் கன்னியம்மா. தேசிகனும் அன்றைக்குத் திருவள்ளூருக்குப் போயிருந்தார். சரி, வாசலில் இடித்தால் பின்கட்டில் இருக்கிற மெஷினுக்கு எப்படித் தெரியும் என்று துணிந்துவிட்டேன். இடிக்க வந்த பெண்களிடம் மெதுவாக இடியுங்கள் தாயே என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனேன். பாட்டுப் பாடிக்கொண்டு மெதுவாக உலக்கை போடுகிற சுமங்கலிகளை நான் இதுவரை பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை.

மறுநாள் வந்த தேசிகன் மெஷின் பேப்பரைப் பிரித்ததும் வெளியே ஓடி வந்து, “சுப்பராயன், வந்துடுத்து” என்றார். அவர் வீட்டில் பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்தது. நான் குழந்தைதான் என்று நினைத்துச் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வருவதற்குள் மெட்ராஸுக்குப் போன் செய்யத் தபாலாபீஸ் போய்விட்டார். அங்கே பேப்பருக்குச் செய்தி அனுப்புகிற பாக்கியநாதன் மணியார்டர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மீதியைத் தாங்கள் பேப்பரில் படித்துவிட்டீர்கள்.

பேப்பரில் செய்தியைப் பார்த்த பிறகுதான் நடந்தது எனக்குப் புரிந்தது. தேசிகனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். “மஞ்சளா?” என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். மாட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார். மெஷின் எழுதியது பூகம்பம் இல்லை, உலக்கை என்று அவரே மெட்ராஸுக்கு எழுதிப்போட்டார். ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்களாம். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆகவே சம்பந்தி, இங்கே பூமி ஆடவே இல்லை. சடங்கைக் குறைவில்லாமல் செய்தோம், அதை ஒரு மெஷின் எழுதிவிட்டது, அவ்வளவுதான். இதற்காகக் கல்யாணத்தை நிறுத்துவது நியாயமா? மாப்பிள்ளை சின்னதுரையும் நானும் ஒரே பாக்டரி, ஒரே கேட்டு. பேப்பரில் செய்தி வந்ததிலிருந்து என் கண்ணில் படாமல் அவர் பின்பக்க வழியாகப் போகிறார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, நைனா பேச்சை மீறாத பிள்ளை என்றுதான் பெண் கொடுக்கவே சம்மதித்தேன். செண்பகம் ஒன்றும் பேசுவதில்லை. வழக்கம்போல் உட்கார்ந்து பேப்பர் கருக்குகிறாள். கண் சிவந்திருக்கிறதே என்று கேட்டால் புகை என்கிறாள். “எத்தினி மாசமா கருக்கறா, இப்பதான் பொகை பட்டுச்சா?” என்று கன்னியம்மா என்னிடம் தனியாகக் கேட்டாள். பாக்டரியில் பழுக்கக் காய்ந்த இரும்புக்குப் பக்கத்தில் நிற்கிறவன் நான், எதற்கும் பயப்பட்டதில்லை. என் பெண் இப்படிச் சத்தமில்லாமல் இருப்பதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது. தாங்கள் ஒருமுறை நேரில் வந்து எங்கள் வாசலில் நின்று பாருங்கள். கால் ஆடினால் கல்யாணம் வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் நமஸ்காரத்தையும், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியையும் சொல்லவும். அவரை முன்பக்க கேட்டு வழியாகவே வரச் சொல்லவும். தங்கள் மண்டியில் நெல்லும் வீட்டில் மக்களும் குறைவின்றிப் பெருகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உறவை விட மனமில்லாத,
சுப்பராயன்.

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் தேசிகன் மெட்ராஸிலிருந்து வந்தார். மற்ற ஊர்களில் வைத்த மெஷின்களின் பேப்பர்களும் வந்துசேர்ந்தனவாம். எல்லாவற்றிலும் வெள்ளிக்கிழமை காலை ஒரு கீறல் இருக்கிறதாம். கன்னியம்மா என்னதான் ஓங்கிப் போட்டாலும் அத்தனை தூரம் கேட்காது. எங்கள் பேப்பரை மறுபடி பார்த்தால், உலக்கைக் கீறல்களுக்கு நடுவே ஒன்று வேறு மாதிரி இருக்கிறது. பாறை வழுக்கினால் வேகமான சின்ன உதறல் முதலில் வருமாம், பெரிய உதறல் பின்னால் மெதுவாக வருமாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வைத்து எவ்வளவு தூரம் என்று சொல்லலாம், எந்தத் திசை என்று ஒரு பேப்பரை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் மூன்று ஊர்ப் பேப்பரை வைத்து மேப்பில் மூன்று வட்டம் போட்டார். மூன்றும் ஒன்று சேர்ந்த இடத்தைப் பென்சிலால் தொட்டு, “இது எந்த ஊர் தெரியறதா?” என்றார். பொதட்டூர்பேட்டை, சம்பந்தி.

பூனையைத் தவறாக நினைத்ததற்கு வருந்துகிறேன். சின்ன ஆட்டம்தானாம், பானைக்கு மேல் சேதம் இருக்காதாம். ஆடியது தங்கள் பூமி என்பதற்காக எங்கள் தரப்பில் முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கும் எண்ணம் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் செண்பகம் சிரித்தாள், தெரு முழுக்கக் கேட்டது. அந்தச் சிரிப்பை மறுபடி கேட்டதே எனக்குப் போதும். மெஷினை இனிமேல் தங்கள் வீட்டுக் கொட்டகைக்கு மாற்ற வேண்டும் என்று தேசிகன் ஒற்றைக்காலில் நிற்கிறார், ஆனி கழித்து ஜீப்போடு வருவார். மீதிப் பானைகளை இறக்கித் தரையில் வைக்கவும். மற்றச் சட்டதிட்டங்களைச் செண்பகம் வந்து சொல்லுவாள்.