கிடால் மார்க்கு கிட்டார்

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். நானூறு மலேசிய வெள்ளிக்குள் ஒரு பழைய பேஸ் கிட்டார் வாங்க வேண்டும்.

யாருக்கு என்று கேட்காதீர்கள். எனக்குத்தான். வயது ஐம்பத்திரண்டு.

எங்கள் சுங்கை வே பிளாட்டில் நாலு பொம்பளைகள் சேர்ந்து பாட்டுக் குழு ஆரம்பித்திருக்கிறோம். பொங்கல் விழாவில் மூன்று பாட்டு. தலைவி சரோஜா அக்கா, ரிட்டையர் ஆன நர்ஸ், கீபோர்டு வாசிப்பார். இரண்டு பேர் பாடுவார்கள். பேஸ் வாசிக்கத்தான் ஆள் இல்லை.

"நாலே கம்பிதான் சாந்தி. ஒரு நேரத்துல ஒண்ணைத் தட்டினா போதும். நீ பயப்படறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல லா" என்றார் அக்கா.

எனக்குப் பயப்பட எதிலும் ஏதாவது கிடைத்துவிடும். அது அக்காவுக்கும் தெரியும். அதனால் கூடவே இதையும் சொன்னார்.

"சனிக்கிழமை பத்து மணிக்குப் பயிற்சி. கையில கிட்டாரோட வா. இல்லன்னா நான் ராஜுவைத்தான் கூப்பிடணும்."

ராஜு அக்காவின் கொழுந்தன். பேஸ் நன்றாக வாசிப்பார். அதுதான் பிரச்சனை. போன தீபாவளி விருந்தில் ஒரு பாட்டுக்குத் துணையாக வந்தவர், மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் பேசினார். பிரியாணி ஆறிப்போனது. அவர் உள்ளே வந்தால் நாங்கள் நாலு பேரும் அவருக்குப் பின்னால் நின்று கைதட்டும் குழு ஆகிவிடுவோம்.

ஆகவே கிட்டார் வாங்கியே ஆக வேண்டும். இரண்டு வாரமாக விளக்குமாற்றுக் கட்டையில் விரலை வைத்துப் பழகியிருந்தேன். அதில் எனக்கு ஓரளவு பேர் வந்துவிட்டது.

காலையில் கைப்பேசியில் பழைய சாமான் விற்கும் பக்கத்தைத் திறந்தேன். எல்லா விளம்பரமும் ஒரே மாதிரி. முதலில் "பேஸ்" என்று இருக்கும், அடுத்து கம்பெனி பேர், அடுத்து விலை. அறுநூறு, எழுநூறு, ஆயிரம். கடைசியில் ஒன்று கண்ணில் பட்டது.

பேஸ். கிடால். முந்நூற்று ஐம்பது.

கிடால் என்று ஒரு கம்பெனியை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மற்ற கம்பெனிகளையும்தான் கேள்விப்பட்டதில்லை.

ஏமாந்துவிடக் கூடாது அல்லவா. முதலில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் விசாரித்துவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரருக்கு அன்று லீவு. வேனில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு முறை கேட்டேன்.

"நான்தான் அணைச்சேன்" என்றார்.

"சரியா திருப்பினீங்களா?"

அவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

கடையில் குடுமி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் விவரம் தெரிந்தவள் மாதிரி கேட்டேன்.

"கிடால் இருக்கா தம்பி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கிடாலா? அது கிடைக்கிறதே கஷ்டம் ஆன்டி. எங்ககிட்ட வர்றதே இல்ல. யாருக்கு?"

"எனக்குத்தான்."

என் இரண்டு கைகளையும் மரியாதையோடு பார்த்தார். "எங்கயாவது கண்ணுல பட்டா விடாதீங்க. உடனே எடுத்துடுங்க."

அவ்வளவுதான். கிடைக்காத சாமான் முந்நூற்று ஐம்பதுக்குக் கிள்ளானில் இருக்கிறது. வேனில் ஏறி, "சீக்கிரம் ஓட்டுங்க, நல்ல கம்பெனி, வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றேன்.

"என்ன கம்பெனி?"

"உங்களுக்குத் தெரியாது."

விற்பவர் கிள்ளானில் மேரு பக்கம் இருந்தார். வீட்டுக்கு வரமாட்டேன், நாலு பேர் இருக்கிற இடத்தில்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவர் பிளாட்டுக்குக் கீழே உள்ள சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார். பார்க்கிங் இல்லாததால் வீட்டுக்காரர் வேனிலேயே இருந்தார். அரை மணி நேரத்தில் நான் வராவிட்டால் போலீசுக்குப் போன் பண்ணச் சொன்னேன். அதற்குள் அவர் சீட்டைச் சாய்த்துப் படுத்துவிட்டார்.

முப்பது வயது மலாய்க்காரர், பார்க்கச் சாதுவாக இருந்தார். ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியும் கொண்டு வந்திருந்தார். கடைக்காரர் ஜூஸ் அடிக்கும் மிஷினைப் பிடுங்கிவிட்டு எங்களுக்கு பிளக் கொடுத்தார். ஜூஸுக்குக் காத்திருந்த மூன்று பேரும் எங்களைச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

சரோஜா அக்கா சொல்லி அனுப்பியதை எல்லாம் வரிசையாகச் செய்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முருங்கைக்காய் பார்ப்பது மாதிரி கிட்டார் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. வால்யூம் பட்டனைத் திருப்பினேன். கரகர சத்தம் இல்லை. ஒவ்வொரு கட்டமாக அழுத்திக் கம்பி அதிருகிறதா என்று பார்க்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் எனக்குக் கூச்சம். "நீங்களே வாசிச்சுக் காட்டுங்க" என்றேன். அவர் அழகாக வாசித்தார். நான் தலையாட்டினேன்.

நாங்கள் பேசியது எல்லாம் மலாயில். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் மலாய் பாசாரில் பழகியது, மீன் விலை வரைக்கும் தைரியமாகப் போகும்.

"ஏன் இவ்வளவு மலிவு?" என்று கேட்டேன்.

"கிடால் அக்கா. அதான். வாங்க ஆள் வரமாட்டேங்குது."

ஜனங்களுக்கு அருமை தெரியவில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

"அக்கா நீங்க கிடாலா?" என்று கேட்டார்.

கிடால்தான் வாசிப்பீர்களா என்று கேட்கிறார் போல. கத்துக்குட்டி என்று தெரிந்தால் ஏமாற்றிவிடுவாரே.

"ஆமா. ரொம்ப வருஷமா."

"வீட்டுல வேற யாராவது?"

"எங்க வீட்டுல எல்லாருமே கிடால்தான்."

அவர் வாயைப் பிளந்தார். "எல்லாருமேவா?"

"எங்க மாமியார் காலத்துல இருந்தே."

அவர் கண் கலங்கிவிடும் போல இருந்தது. "எங்க வீட்டுல நான் ஒருத்தன்தான். சின்ன வயசுல அதுக்காக எங்கம்மா கையிலயே அடிப்பாங்க."

எனக்கு ரொம்பப் பாவமாகிவிட்டது. ஒரு கிட்டார் கம்பெனிக்காகப் பெற்ற பிள்ளையை அடிப்பார்களா?

"நம்ம ஆளுங்களுக்கு முந்நூத்தி இருபது போதும்" என்று சொல்லி, கிட்டாரைப் பையில் போட்டு நீட்டினார். இடது கையால் நீட்டினார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இடது கையால் கொடுக்கிறாரே என்று நான் தயங்கினேன்.

"சோரி அக்கா, கிடால்" என்றார்.

"பரவாயில்ல, நல்ல கிட்டார்தான்" என்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கிட்டாரை மாட்டினேன். வால்யூம் பட்டன் நேராக என் முழங்கைக்குக் கீழே குத்தியது. அக்கா எழுதிக் கொடுத்த தாளில் தடித்த கம்பி மேலே இருக்கும் என்று போட்டிருந்தது. என்னுடையதில் தடித்தது கீழே, மெல்லியது மேலே.

போன் போட்டேன். "தம்பி, கம்பி எல்லாம் தலைகீழா மாட்டியிருக்கீங்க."

"இல்லையே அக்கா, சரியாத்தான் இருக்கு. கிடால்தானே?"

"கிடால்தான். நான் இல்லன்னு சொல்லலயே. கம்பி ஏன் தலைகீழா இருக்கு?"

"கிடால்னா அப்படித்தான் அக்கா இருக்கும்."

"கிடாலா இருந்தா என்ன, கம்பியை ஒழுங்கா மாட்ட வேண்டாமா?"

சோபாவில் படுத்திருந்த வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "யாரு கிடால்?"

"கிட்டார் கம்பெனிங்க."

"கிடால்னா இடது கைக்காரன் லா. நீ வாங்கிட்டு வந்தது இடது கை கிட்டார்."

இடது பக்கத்துக்கு மலாயில் கிரி என்று எனக்குத் தெரியும். டாக்சிக்காரரிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். இடது கைக்காரனுக்குத் தனியாக ஒரு சொல் இருக்கும் என்று யார் கண்டது? பாசாரில் எந்த மீனும் இடது கை மீன் இல்லை.

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே!"

"எனக்குத் தெரியாதுன்னு நீதானே சொன்னே."

போனில் அந்தத் தம்பி இன்னும் இருந்தார். திருப்பிக் கொடுத்தால் காசைத் தந்துவிடுவாராம். ஆனால் அன்றைக்கே கோத்தா பாருவுக்குப் பஸ் ஏறுகிறார், அடுத்த வாரம்தான் வருவார். "ஏன் அக்கா, வீட்டுல எல்லாருமே கிடால்னு சொன்னீங்களே?" என்றும் கேட்டார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தக் கிட்டாரையே தூக்கிக்கொண்டு சரோஜா அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே ராஜு உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய கிட்டார்.

"சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்" என்றார். பிறகு என் பையைத் திறந்து பார்த்தார். "என்ன சாந்தி, கண்ணாடியில பார்த்து வாங்கினீங்களா?"

பாடுகிற இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நடந்ததை மாமியார் உட்பட ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

சரோஜா அக்கா சிரிக்கவில்லை. ஊசி போடுவதற்கு முன்னால் கேட்பது போலக் கேட்டார்.

"உனக்கு வலது கையில வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"இடது கையில?"

"அதுவும் தெரியாது."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானே. எந்தக் கையில ஆரம்பிச்சா என்ன? மாட்டு."

ராஜு தொண்டையைச் செருமினார். "அண்ணி, இவங்க கத்துக்கிறதுக்குள்ள பொங்கல் முடிஞ்சிடும். நானே வேணும்னா..."

"ராஜு, நீ போய் அஞ்சு தே தாரிக் கட்டிட்டு வா. ஒண்ணுல சீனி கொறச்சு."

அவர் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். நான் கிட்டாரை மறுபக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு முதல் கம்பியைத் தட்டினேன். முதல் பாட்டை ஏழு முறை ஆரம்பித்தோம்.

டீ அஞ்சும் சரியாக வந்தது, ஒன்றில் சீனி குறைவு. அன்றைக்குத் தப்பில்லாமல் தன் வேலையைச் செய்தவர் ராஜு ஒருத்தர்தான்.