அடித்த பிறகு அலறிய பெட்டி

அன்புள்ள மருமகன் ஸஜீதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கற்பிட்டியிலிருந்து மாமா மீராசாஹிப் எழுதுவது. உங்கள் உடம்பிலும் உழைப்பிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. இங்கே என்னைத் தவிர எல்லாரும் சுகம். போனில் சொன்னால், "மாமா, மீட்டிங்ல இருக்கிறன்" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம்.

கத்தாரிலிருந்து நீங்கள் அனுப்பிய ராடர் பெட்டியைப் பற்றியது. பொலிஸ்காரர் வேகம் பார்க்கும் துப்பாக்கியை எங்கே நீட்டினாலும் முன்கூட்டியே கத்தும் என்றீர்கள். போன செவ்வாய் காலை சிலாபத்தில் அத்தாஉல்லா நானா மவுத்தாகிவிட்டார். எனக்கிருந்த ஒரே கூடப்பிறந்தவர். மதியம் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். உங்கள் மாமியையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்தேன். நுரைச்சோலை தாண்டவில்லை, பெட்டி கத்தத் தொடங்கியது, நானும் வேகத்தை முப்பதுக்கு இறக்கினேன், பார்த்தால் பொலிஸ் இல்லை, பின்னால் ஒரு புதிய ஜீப்! பக்கத்தில் வரும் வாகனத்தைக் கண்டுபிடிக்க அதிலும் ராடர் இருக்கிறதாம். அது என்னை முந்தவும் இல்லை, என்னால் அதைத் தொலைக்கவும் முடியவில்லை, பாலாவி வரை கத்தலோடு ஊர்ந்தோம். அங்கே தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்கும் ஒரு கத்தல், அந்தக் கதவிலும் ராடராம்.

"அதக் கழட்டி எறிங்களே, மய்யித்து வீட்டுக்கெல்லவா போறம்" என்றாள் மாமி.

"நீ சும்மா இரி. மருமகன் அனுப்பின சாமான்."

முந்தல் கிட்டியதும் பெட்டி அடங்கியது. பொலிஸ் இல்லை என்று நம்பி மிதித்தேன். மரநிழலிலிருந்து ஒரு பொலிஸ் சார்ஜன் வேகத் துப்பாக்கியை நீட்டி, என் வேகத்தைப் பிடித்து முடித்த பிறகுதான் அது வீடு தீப்பிடித்ததுபோல் அலறியது. அவர் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இது லேசர், மஹத்தயா. நாங்க அடிச்ச பிறகுதான் உங்கட பெட்டிக்குத் தெரியும்."

"மய்யித்து வீட்டுக்குப் போறம், ஐயா."

"அதுக்கு என்னத்துக்கு இந்தப் பெட்டி?"

தண்டச் சீட்டு எழுதி முடிய அரைமணி ஆயிற்று.

சிலாபம் மையவாடிக்குப் போனபோது அடக்கம் முடிந்து ஆட்கள் கைமண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நானாவின் மகன் நிஸார் என் தோளைப் பிடித்தான். "உங்களுக்காக வாப்பாட முகத்த மூடாம வெச்சிருந்தம், சாச்சா. இனிப் பிந்த ஏலாண்டு பள்ளி ஹஸ்ரத் சொல்லிட்டார்." ஒரு பிடி மண் போடவும் எனக்குக் கிடைக்கவில்லை. ஈரமண்மேல் கையை வைத்துவிட்டு வந்தேன்.

இது உங்கள் பெட்டி செய்த வேலை. அடுத்து அங்கே வருகிற ஆளிடம் அதைத் திருப்பி அனுப்புவேன். மகள் ஹாஜரா ஸலாம் சொல்லச் சொன்னாள். தொழுகையை விடாதீர்கள். மெதுவாக ஓட்டுங்கள்.

வஸ்ஸலாம்.
துஆவுடன்,
மாமா மீராசாஹிப்

பி.கு.: மாமி ஃபாஹிமா இதை வாசித்துவிட்டு, "உண்மைய முழுசா எழுதுங்க" என்று பக்கத்தில் நிற்கிறாள். மவுத்துச் செய்தி வந்தது காலை ஏழு மணிக்கு. நாங்கள் புறப்பட்டது பத்தேகாலுக்கு. இடையில் நான் அந்தப் பெட்டியைக் கண்ணாடியில் ஒட்டி, அது விழ மறுபடி ஒட்டி, பக்கத்து வீட்டு ஸியாதைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். உடனே கிளம்பியிருந்தால், வழி முழுக்க முப்பதிலேயே ஓட்டியிருந்தாலும் நானாவின் முகத்தைப் பார்த்திருப்பேன்.