மாப்பிள்ளையின் முழங்கை

பாடத் தெரியாத பெண்ணைப் பெற்றவர்கள் பாவம். எழுபதுகளில் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைப் பக்கம் பெண் பார்க்க வந்தால் பஜ்ஜியும் பாட்டும் கட்டாயம். நான் வாயைத் திறந்தால் காக்கைகூடப் பறந்துவிடும். (ஜூடோ தெரியும். காலேஜில் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று அப்பாவின் உத்தரவு.)

கரமனையிலிருந்து, ஆபீசில் சுருக்கெழுத்து எடுக்கும் ஒரு ஸ்டெனோ மாப்பிள்ளை தன் அம்மாவோடு வந்தார். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த இடம். இதுவும் போனால் தனக்கு மாரடைப்புதான் என்று காலையிலிருந்தே மிரட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் செய்தி கரமனைக்கு எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. “பாட்டு வேண்டாம். ஜூடோவில ஒண்ணு காட்டலாமோ?” என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டினார்.

புத்தியுள்ள பெண் நாணிக்கோணி உள்ளே போயிருப்பாள். நான் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, கையை நேராக இழுத்து, முழங்கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன். மனிதர் அப்படியே மடங்கினார். மூக்கு பஜ்ஜிக்கு நேரே வந்து நின்றது.

ஜூடோவில் ஒரு வழக்கம் உண்டு. வலித்தால் பிடிபட்டவர் எதிராளியைத் தட்ட வேண்டும், உடனே விட்டுவிடுவோம். இவரோ தட்டவே இல்லை. அடேயப்பா, என்ன உறுதி என்று மெச்சிக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ‘டொக்’ என்றது.

பதறிப்போய்க் கையை விட்டேன். காப்பி டவராவோடு எழுந்த அப்பாவுக்கு உட்காரத் தெரியவில்லை. வலித்தால் தட்ட வேண்டும் என்று தெரியாதா என்று அழாக்குறையாகக் கேட்டேன்.

“தெரியும்,” என்றார் அவர், முகமெல்லாம் வியர்த்து. “அன்னிய வீட்டுப் பொண்ணை, அவ அப்பா முன்னாடி, எப்படித் தொடறது?”

(தரையைத் தட்டினாலும் போதும். அதைச் சொல்ல எனக்கும் தோன்றவில்லையே, கர்மம்.)

அவர் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். “இத்தனை மரியாதை தெரிஞ்ச பிள்ளையை ஒடிச்சு வச்சிருக்காய். இனி நீதான் பாத்துக்கணும், குட்டி,” என்றார். அப்பா அப்போதுதான் உட்கார்ந்தார்.

முகூர்த்தத்தன்று பாணிக்கிரகணத்தில் என் கையைப் பிடிக்க இவர் இடது கையை நீட்டினார். வலது கை, வலது கை என்று வாத்தியார் அதட்டினார்.

“அது ஆபீசுக்கு வேணும், வாத்தியாரே,” என்றார் இவர்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் மாப்பிள்ளை கை நீட்டும்போது, ஆபீசுக்கு எந்தக் கை வேணும் என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. எல்லோரும் சிரிப்பார்கள். இவர் மட்டும் என்னைவிட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்காருவார்.