மெத்தை ராவுத்தர் தைத்த தூக்கப் பை

காரைக்குடியில் யார் யார் எப்படித் தூங்குகிறார்கள் என்பது கடவுளுக்கு அடுத்தபடியாக ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவர் மெத்தை ராவுத்தர். கடவுளாவது சில சமயம் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். ராவுத்தர் விடமாட்டார்.

அவருடைய சொந்தப் பெயரை, நாங்கள் அந்த ஊரில் இருந்த ஆறு வருஷத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் தெருமுனையில் முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். மெத்தை வேண்டும் என்று போனால் நீளம் அகலம் கேட்கமாட்டார். "எப்படித் தூங்குவீக?" என்பார்.

"எல்லாரையும் போலத்தான்" என்று சொன்னால் போச்சு.

"எல்லாரையும் போல ஒருத்தரும் தூங்குறதில்ல. மத்தியானம் சாப்பிட்டு வாங்க, பாத்துக்கிருவோம்."

சாப்பிட்டு வந்தவரைப் படுக்க வைத்து, அவர் நன்றாகத் தூங்கிய பிறகுதான் அளவுக் கோடு போடும் சாக்கட்டியைக் கையில் எடுப்பார். பெண்கள், குழந்தைகள் என்றால் உள்கூடத்தில் அவர் மனைவி பார்த்துச் சொல்வார். ராவுத்தர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காதாலேயே அளவெடுப்பார்.

ஒரு வக்கீல், தான் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகத் தூங்குகிறவன் என்று சாதித்தார். படுத்த பத்தாவது நிமிஷம் இறால் போலச் சுருண்டுவிட்டார். ராவுத்தர் சதுரமாக ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார். வக்கீல் குதித்தார்.

"நீங்க சொன்னதும் உங்க முழங்காலு சொன்னதும் சேரலைங்க. நான் முழங்காலு சாட்சியத்தான் எடுத்துக்கிட்டேன்" என்றார் ராவுத்தர். அடுத்த வாரத்தில் வக்கீல் இரண்டு நாள் கோர்ட்டுக்குத் தாமதமாகப் போனதாகக் கேள்வி.

அதைவிடப் பெரிய கூத்து கண்டரமாணிக்கத்தில் நடந்தது. ஒரு ஆச்சி, மகள் கல்யாணச் சீருக்கு மெத்தை சொல்லியிருந்தார். பெண் தூங்கும் விதம் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை தூங்கும் விதம் தெரிய வேண்டாமா? ராவுத்தர் மாப்பிள்ளை ஊருக்கே பஸ் ஏறிப் போய்விட்டார். உச்சி வெயிலில் மாப்பிள்ளை வீட்டு ஜன்னலோரம் நின்றவரைப் பங்காளிகள் நாலு பேர் வளைத்துக்கொண்டார்கள்.

"யாரப் பாக்க வந்தீரு?"

"மாப்பிள்ளையப் பாக்க வந்தேங்க."

"மாப்பிள்ளை தூங்குறாரு."

"அதத்தாங்க பாக்க வந்தேன்."

சத்தத்தில் மாப்பிள்ளை விழித்துக்கொண்டதால் அடி விழவில்லை. விஷயத்தைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்து, மறுபடி படுத்தும் காட்டினாராம். ராவுத்தர் திரும்பி வந்து ஆச்சியிடம், "மாப்பிள்ளை குறுக்க படுக்குறாக. பொண்ணுக்கு எடமில்ல. பெருசாப் போட்டுருவோம்" என்றார். மெத்தை பெரிதாகவே போயிற்று.

இந்த மனிதரிடம்தான் நான் ஸ்லீப்பிங் பேக் தைக்கப் போனேன்.

என் மகள் வள்ளிக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடச் சாரணியர் முகாமுக்குக் கொடைக்கானல் போக வேண்டும். மூன்று ராத்திரி, கூடாரத்தில். கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியலில், 'ஸ்லீப்பிங் பேக் அல்லது அதற்கு ஈடானது' என்று போட்டிருந்தது. அதற்கு ஈடானது எது என்று யோசித்தே எனக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று.

புதுவயலில் ரைஸ் மில் மேனேஜராக இருந்த என் கணவர், "மில்லுல சாக்கு கெடக்கு. ரெண்டைச் சேத்துத் தைச்சா ஆச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பட்டாளத்திலிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் நிஜமான பை ஒன்றை இரவல் வாங்கி வந்தார். மேலே அகலம், கால்மாட்டில் குறுகல். உள்ளே போன வள்ளி ஐந்து நிமிஷத்தில் அழுதுகொண்டு வெளியே வந்தாள். அது அவளுக்குப் போதவில்லை என்று எனக்கு வருத்தம். இன்னொரு மனம், பையே கிடைக்காவிட்டால் அனுப்ப வேண்டியதில்லையே என்று கணக்குப் போட்டது. அப்படி நினைத்தது தப்பா, தாய் என்றால் அப்படித்தானா, இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

ராவுத்தர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அதாவது, தலகாணி உறைக்குள்ள பிள்ளையப் போட்டு மூடணுங்கறீக."

"ஐயோ, மூடக் கூடாதுண்ணே! ஆனா தாராளமா இருக்கணும். இவ ராத்திரியெல்லாம் கடிகார முள் மாதிரி சுத்தி வருவா."

"சுத்துற பிள்ளையா? அப்பப் பாத்தே ஆகணும். நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான, மத்தியானம் சாப்பிட்டு இங்குட்டு வந்துருங்க."

உள்கூடத்தில் மெல்லிய மெத்தை ஒன்று விரித்திருந்தது. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியே இறங்கிய வெயில் தரையில் கைக்குட்டை அளவுக்குக் கிடந்தது. அந்த வெயிலுக்குள் பஞ்சு இழைகள் கீழே வரவும் மனமில்லாமல், மேலே போகவும் மனமில்லாமல் மிதந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே வள்ளி தூங்கிப் போனாள். விழித்திருந்து பார்த்துக்கொள்வது என் கடமை என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் ஒரு லாரி போன சத்தம் கடல் மாதிரிக் கேட்டது. நான் அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. ஒரு பஞ்சு இழை என் புறங்கையில் வந்து அமர்ந்தது. ஊதிவிடலாமா, இருக்கட்டும் என்று விடலாமா என்று யோசித்தேன். யோசித்தது வரைதான் ஞாபகம்.

கண் விழித்தபோது கைக்குட்டை வெயில் சுவரில் ஏறியிருந்தது. ராவுத்தரின் மனைவி சாக்கட்டியோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நல்லாத் தூங்குனீகளா?"

"தூங்கலைக்கா. சும்மாக் கண்ண மூடினேன்."

"ஒன்னரை மணி நேரமா மூடிக் கெடந்தீக."

கதவுக்கு அப்பாலிருந்து ராவுத்தரின் குரல் வந்தது. "என்ன புள்ள, பிள்ளை எம்புட்டு உருளுது?"

"பிள்ளை உருளவே இல்ல."

"என்னது! செவுரு வரைக்கும் போன சத்தம் கேட்டுச்சே?"

"தங்கச்சி தூக்கத்துல பிள்ளை மேல கையப் போடுறாக. அது புழுக்கந் தாங்காம நகருது. இவுக தேடிப் போயி மறுக்கா போடுறாக. அது மறுக்கா நகருது. இப்படியே செவுரு வந்துருச்சு. கை படாத நேரத்துல, பாவம், ஒருக்களிச்சு முழங்கால மடக்கிக்கிட்டு அசையாமக் கெடக்கு."

ஒன்பது வருஷமாகக் கடிகார முள் என்று பிள்ளையைக் குற்றம் சொல்லிவந்தேன். சாவி கொடுத்துக்கொண்டிருந்தது என் கை.

"அப்பக் குறுகலாவே தைச்சிரலாமாண்ணே?" என்றேன், கதவைப் பார்த்து.

"கூடாது தாயி. பட்டாளத்துப் பைக்குள்ள பிள்ளை எதுக்கு அழுதுச்சு? முழங்கால மடக்க எடமில்ல. கால்மாட்டுல குறுக்காம, மேலருந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா வேணும். மடக்குன முழங்காலுக்கு மேல ஒரு சாண் விடுவோம்."

"ரெண்டு சாணா விட்டா?"

"குளிரும் உள்ள வந்து கூடப் படுத்துக்கிரும்."

கடைசியில் கேட்டேன். "அனுப்பலாமாண்ணே?"

"அதுக்கு எங்கிட்டச் சாக்கட்டி இல்லையே தாயி."

புதன்கிழமை பை வந்தது. வெளியே நீலக் கோடு போட்ட மெத்தைத் துணி, உள்ளே மெத்தென்ற ஃபிளானல் துணி, நடுவில் பஞ்சு நழுவாமல் கட்டம் கட்டமாகத் தையல், பக்கவாட்டில் முடிந்துகொள்ள நாடா. வள்ளி உள்ளே புகுந்து முழங்காலை மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள். "அம்மா, இது வீடு மாதிரி இருக்கு. நீ வராத" என்றாள்.

என்னைப் போன்ற தாய்மார்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். வள்ளி நான்காம் நாள் பத்திரமாக வந்து சேர்ந்தாள். மூன்று ராத்திரியும் நன்றாகத் தூங்கினாளாம். என்னைத் தேடினாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்னவோ.

நான் சொல்ல வந்தது அவள் புறப்பட்டுப் போன நாளைப் பற்றி. காலையில் பஸ் போய்விட்டது, கணவர் மில்லுக்குப் போய்விட்டார். மூன்று பேருக்குச் சமைத்துவிட்டேன். எதையும் சாப்பிடத் தோன்றவில்லை. மத்தியானம் கால்கள் தாமாக ராவுத்தர் கடைக்குப் போயின. அவர் நாண் கட்டிய வில்லால் பஞ்சடித்துக்கொண்டிருந்தார். வில்லின் அதிர்வில் பஞ்சு புகையாக எழும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்த நாடா அவுந்துராதுல்ல?"

"அவுழாது."

"தையல் வழியா குளிரு?"

"வராது."

மூன்றாவது கேள்வி என்னிடம் இல்லை. நின்றுகொண்டே இருந்தேன். ராவுத்தர் வில்லைக் கீழே வைத்து உள்ளே குரல் கொடுத்தார். "புள்ள, தங்கச்சி வந்திருக்காக. மெத்தைய விரி."

"எனக்கு மெத்தை வேணாம்ணே, வாங்க வரல..."

"இப்ப யாரு விக்கிறா?"

மறுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அக்கா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அதன்பின் எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியாது. பாதி விழிப்பில், வாசலில் யாரோ சத்தம் போடுவது கேட்டது.

"என்ன ராவுத்தரே! நாளைக்கு வந்து மெத்தைய எடுக்கணும், இன்னும் பஞ்ச அடிச்சு முடிக்காம உக்காந்திருக்கீக?"

ராவுத்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மெதுவாப் பேசுங்க. உள்ள ஒரு பிள்ளை தூங்குது."

நான் கண்ணைத் திறக்கவில்லை.