குறைந்தது மூன்று தடுமாற்றங்கள்

எங்கள் வடிவமைப்புக் கல்லூரியில் நெடுநாளாக ஒரு நல்ல விதி நடைமுறையில் இருக்கிறது. செய்த வேலைக்கு இருபது மதிப்பெண். செய்த வேலையைப் பற்றி உட்கார்ந்து சிந்தித்ததற்கு எண்பது. வேலையே செய்யாமல் சிந்தித்தவர்கள் எண்பது வாங்கி முதல் வகுப்பில் தேறியிருக்கிறார்கள். வேலையைச் செய்துவிட்டுச் சிந்திக்காமல் வீட்டுக்குப் போனவர்கள் தேறியதாகச் சரித்திரம் இல்லை. நான் வீட்டுக்குப் போகிற ரகம்.

கடைசிப் பருவத்தில் எங்களுக்கு இரண்டு வேலை கொடுத்தார்கள். கிராஃபிக் டிசைனுக்கு, பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் வைக்க ஒரு வழிகாட்டிப் பலகை. வீடியோ வகுப்புக்கு, அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் ஓடுவதற்கு மூன்று நிமிடப் படம். யாருக்கு அதிக மதிப்பெண்ணோ அவருடைய பலகையையும் படத்தையும் ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ளும். கூடவே அவரையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்.

எனக்கு அந்த வேலை வேண்டும். அப்படி இப்படி இல்லை, கட்டாயம் வேண்டும். நான் இருப்பது அக்கா வீட்டில். அக்கா வீட்டுக்காரர் டயர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், அதுதான் சிக்கலே. படிப்பு முடிந்ததும் நான் கடையில் பில் போட உட்காருவேன் என்று அவராகவே முடிவு செய்து, கல்லாப் பக்கத்தில் எனக்கென்று ஒரு புது நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டார். உறையைக்கூடப் பிரிக்கவில்லை. "நீயே வந்து பிரிச்சுக்கம்மா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவார். அந்த நாற்காலிக்குப் பயந்தே நான் கடைப் பக்கம் போவதில்லை.

அதனால் ஒழுங்காக வேலை செய்தேன். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அளவு. எலும்பு இடது பக்கம், கண் வலது பக்கம், குழந்தைகள் மாடி, மருந்து நேரே. பக்கத்தில் தடித்த அம்புக்குறிகள். அட்டையில் ஒட்டி ஆஸ்பத்திரி வாசலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முழுக்க நின்றேன். நாற்பது பேர் பார்த்தார்கள், நாற்பது பேரும் சரியான இடத்துக்குப் போனார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு வந்தவர். அவரும் போனார். படத்திலும் அதே வழிகளை நடந்து காட்டினேன். எனக்கு ஒரே பூரிப்பு.

பிறகு சிந்தனைப் படிவம் வந்தது. அதில் மூன்று பத்தி. 'தாங்கள் சந்தித்த தடுமாற்றங்கள், குறைந்தது மூன்று.' 'மேற்படி தடுமாற்றங்களால் தாங்கள் அடைந்த வளர்ச்சி.' 'அதற்கான ஆதாரம், அதாவது முதலில் தவறாகச் செய்த பிரதி.' முதல் பத்தியில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். மற்ற இரண்டிலும் 'மேற்படி' என்று எழுதிக் கொடுத்தேன்.

சிந்தனைப் பிரிவு எழுத்தர் அம்மா அதைக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"என்னம்மா, ஒன்றுமில்லைன்னு எழுதியிருக்க?"

"தடுமாற்றம் ஒண்ணும் இல்ல மேடம்."

"மூணு வேணும்."

"வரலையே மேடம்."

"வரலைன்னா வரவழைக்கணும். படிக்கத்தானே வந்திருக்க?"

அவர் என்னை எங்கள் ஆசிரியரிடம் அனுப்பினார். ஆசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் வெற்றிடம். எந்தத் தாளைக் காட்டினாலும் "இன்னும் கொஞ்சம் வெற்றிடம் விடும்மா" என்பார். போன வருடம் ஒருவன் வெறும் தாளையே கொடுத்தான். "ஓரத்துல நெருக்கமா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

"கஷ்டப்படாம எப்படிம்மா முடிஞ்சுது?" என்றார் வருத்தமாக.

"வாசல்ல நின்னு, எது புரியலன்னு ஜனங்களைக் கேட்டேன் சார். அதை மாத்தினேன்."

"அது வேலை. நான் கேக்கறது பயணம்."

"நடந்துதான் சார் போனேன். இருபது நிமிஷம்."

"உள்பயணம்மா, உள்பயணம்."

"உள்ள போறதுக்கும் அம்புக்குறி போட்டிருக்கேன் சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடே, வெள்ளிக்கிழமைக்குள் மூன்று தடுமாற்றங்களும் ஒரு தவறான பிரதியும் வந்து சேராவிட்டால் நான் தோல்வியுற்றதாகக் கருதப்படுவேன் என்று தெரிவித்தார்.

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா தையல் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பா ஒண்ணு செய்யணும், அவ்வளவுதானே? இதுக்குப் போயா அழுவாங்க? எடு கம்ப்யூட்டரை."

"எப்படிக்கா தப்பா செய்யறது?"

"உன் வெற்றிடம் சார் செய்யச் சொல்றதையெல்லாம் செய்."

செய்தேன். பலகையை முழுக்க வெள்ளையாக்கினேன். எழுத்தைச் சாம்பல் நிறமாக்கி, எறும்பு அளவுக்குச் சுருக்கி, வலது மூலையில் கொண்டுபோய் ஒதுக்கினேன். அதன்பின் அம்புக்குறிகளைக் களைந்தேன்.

"எலும்புக்கு என்ன படம் போடற?" என்றாள் அக்கா.

"ஒரு வட்டம்."

"கண்ணுக்கு?"

"அதுவும் வட்டந்தான். கொஞ்சம் வெளிர்."

"குழந்தைக்கு?"

"சின்ன வட்டம்."

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தரையில் சாய்ந்துவிட்டாள். எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தவறான வீடியோ ஒன்றும் வேண்டுமே? அக்கா என் போனை வாங்கி, குளியலறை வாளிக்கு எதிரே சாய்த்து வைத்தாள். குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மூன்று நிமிடம் வாளி. நடுவில் வெளியிலிருந்து மாமா, "உள்ள யாரு, எவ்வளவு நேரம்?" என்று கேட்பது மட்டும் விழுந்திருந்தது.

"தடுமாற்றத்துக்கு என்ன எழுதறது?" என்றேன்.

"அழுதேன்னு எழுது."

"எத்தனை தடவை?"

"மூணு. அதானே கேட்டிருக்காங்க."

வெள்ளிக்கிழமை இரண்டு பிரதிகளையும் படிவத்தையும் கொண்டு போனேன். எழுத்தர் அம்மா, வெற்றிடம் சார், எதிரே நான். எழுத்தர் அம்மா கோப்புகளைக் கணினியில் திறந்தார். எது முதல் பிரதி, எது இறுதிப் பிரதி என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ சொல்றது கணக்குல வராதும்மா. தேதிதான் பேசணும்." திரையைப் பார்த்துப் படித்தார். "மஞ்சள் பலகை, திங்கக்கிழமை. வெள்ளைப் பலகை, வியாழக்கிழமை. ஆகவே மஞ்சள் முதல் பிரதி, வெள்ளை இறுதிப் பிரதி. வழிகளைக் காட்டுற படம் முதல்ல, வாளி கடைசியா."

வெற்றிடம் சார் மெல்ல எழுந்தார். வெள்ளைப் பலகையை ஒரு நிமிடம் பார்த்தார். வாளியை மூன்று நிமிடமும் பார்த்தார். கண்ணில் தண்ணீர்.

"மஞ்சள்ல ஆரம்பிச்ச பொண்ணு," என்றார், "நாலே நாள்ல எங்க வந்து நிக்கற பாரு. அம்புக்குறின்னா அதிகாரம். அதை நீயே உதறியிருக்க. அந்தக் குரல், 'உள்ள யாரு, எவ்வளவு நேரம்?' காத்திருக்கிற ஒவ்வொருத்தரும் கேக்கற கேள்வி இல்லையா அது? யார் பேசினது?"

"எங்க மாமா சார். டயர் கடை."

"அற்புதம். சாமானியன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை ஊரில் உண்டு. நான் குரங்கையே பிடித்துக்கொண்டு போனேன், அவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், போலி ஆதாரம் தயாரித்த குற்றத்துக்காக மேற்படி மாணவி நீக்கப்படுவார் என்று படிவத்தின் அடியிலேயே போட்டிருந்தது. வாயைத் திறந்தேன். உறை பிரிக்காத நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. மூடிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

வேலைக்கு இருபதுக்கு இருபது. சிந்தனைக்கு எழுபத்தொன்பது. மீதி ஒரு மதிப்பெண்ணை வெற்றிடம் சார் வெற்றிடமாக விட்டிருந்தார். கல்லூரியிலேயே நான்தான் முதல். அக்காவிடம் சொன்னபோது, "உன்னோடது சரி, என் வாளிக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டாள்.

ஒரு மாதத்தில் பணி ஆணை வந்தது. 'ஒன்றாம் தேதி காலை பத்து மணிக்குள் அறை எண் பதினான்கில் நிர்வாக அதிகாரி முன்னிலையில் கையொப்பமிடத் தவறினால், இவ்வாணை தானாகவே ரத்தாகும்.' நான் ஒன்பதரைக்கே போய்விட்டேன்.

வாசலில் என் பலகை. சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். வெள்ளை வெளேரென்று பரந்து கிடந்தது, அதில் மூன்று வட்டம், மூலையில் யாராலும் படிக்க முடியாத எறும்பு எழுத்து. எதிரே முப்பது பேருக்குமேல் தலையைச் சாய்த்தபடி நின்றுகொண்டிருந்தார்கள். உடைந்த கையைக் கழுத்துக் கட்டில் தொங்கவிட்ட ஒருவர், கண்ணில் பஞ்சு வைத்த ஒரு அம்மா, இடுப்பில் காய்ச்சல் குழந்தையோடு ஒரு பெண்.

"நல்லா இருக்குல்ல?" என்றார் உடைந்த கைக்காரர்.

"நவீனமா இருக்கு," என்றார் பஞ்சு வைத்த அம்மா.

நான் காவலாளியிடம் போனேன்.

"அண்ணே, ரூம் நம்பர் பதினாலு எங்க?"

"போர்டுல இருக்கும்மா."

"போர்டுல இல்லண்ணே."

"நல்லாப் பாரும்மா. படிச்சவங்க போட்டது, இல்லாம இருக்குமா?"

"உங்களுக்குத் தெரியுமில்ல, நீங்களே சொல்லுங்களேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினார். புதிய பலகை நிறுவப்பட்டுவிட்டதால் இனி எவரும் எவருக்கும் வாய்மொழியாக வழி சொல்லலாகாது. ஊழியர் உட்பட அனைவரும் பலகையின்படியே நடந்துகொள்ள வேண்டும். "பதினெட்டு வருஷமா சொல்லிட்டிருந்தேன்," என்றார். "இப்ப வாய் நமநமங்குது."

மணி ஒன்பது நாற்பது. நான் பலகை முன்னால் போய் நின்றேன். பெரிய வட்டத்தைப் பார்த்தேன், வெளிர் வட்டத்தைப் பார்த்தேன். போட்டவளுக்கே ஒன்றும் புரியவில்லை.

"உனக்குப் புரியுதாம்மா?" என்று கேட்டார் உடைந்த கைக்காரர்.

புரியவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. என்ன இருந்தாலும் நான் முதல் மாணவி.

"புரியுது," என்றேன்.

"அப்ப நீ முன்னால நட. நாங்க பின்னாலயே வர்றோம்."

முப்பது பேரும் வரிசையாகக் கிளம்பிவிட்டார்கள். எலும்புக்கும் கண்ணுக்கும் எனக்கு வழி தெரியும், ஆனால் சுற்றறிக்கைப்படி சொல்லக் கூடாது; பதினான்கோ எனக்கே தெரியாது. வேறு வழியில்லாமல் நடந்தேன். துணி வெளுக்கிற இடத்தைத் தாண்டினோம். வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டினோம். மறுபடி துணி வெளுக்கிற இடம் வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காத்திருக்கும் கூடத்தைக் கடந்தபோது சுவரில் வாளி ஓடிக்கொண்டிருந்தது, உட்கார்ந்திருந்தவர்கள் அடுத்த சொட்டுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிலும் பத்துப் பேர் எழுந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு நேர் பின்னால் கோட்டுப் போட்ட ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். "கொஞ்சம் வேகமா போம்மா," என்றார். "பத்து மணிக்கு நான் என் ரூம்ல இருக்கணும்."

"எந்த ரூம் சார்?"

"பதினாலு. நான்தான் நிர்வாக அதிகாரி. இன்னிக்கு யாரோ ஒரு பொண்ணு புதுசா சேர வருதாம். பத்துக்குள்ள வரலைன்னா ரத்துன்னு நான் கையெழுத்துப் போடணும்."

"சார், உங்க ரூமுக்கே உங்களுக்கு வழி தெரியாதா?"

"தெரியாம என்ன? பதினோரு வருஷமா போறேனே," என்று குரலைத் தாழ்த்தினார். "சுற்றறிக்கையில கையெழுத்துப் போட்டதே நான்தான். நானே மீறினா நல்லாவா இருக்கும்?"

அந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. தாளில் என்ன போட்டிருந்தாலும் ஆணை தானாக ரத்தாகாது. இவர் அறைக்குப் போய் உட்கார்ந்து பேனாவை எடுத்தால்தான் ரத்தாகும். இவரை அறைக்குக் கூட்டிப்போக வேண்டியவள் நான்.

"சரியான வழியிலதானேம்மா போறோம்?" என்றார்.

"ஆமா சார்," என்றேன், இடது பக்கம் திரும்பினேன். நாற்பது பேரும் திரும்பினார்கள்.